டிரெய்லர் இழுக்கும் எஸ்யூவிக்கு எவ்வளவு காற்று வைக்கலாம்?

வண்டியின் பின்னால் இருக்கும் இணைப்பான ஹிட்ச்சில் டிரெய்லரை மாட்டியதும் பலர் செய்யும் முதல் வேலை, டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் பெரிய எண்ணைத் தேடிப் பிடித்து அந்த அளவுக்குக் காற்றை ஏற்றிவிடுவது. 44 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) என்று இருந்தால் நான்கு டயருக்கும் 44. எஸ்யூவிக்கு இது தவறு. பின்னால் வரும் டிரெய்லரின் டயருக்கோ இதுதான் சரி. ஒரே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு வகை டயருக்கு இரண்டு விதி. குழப்பம் முழுக்க இங்கேதான் தொடங்குகிறது.

கீழே சொல்வதெல்லாம் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கும் வண்டிகளையும் டிரெய்லர்களையும் வைத்துத்தான். டொரொன்டோவிலிருந்து கோடை விடுமுறைக்குக் கேம்பரை (தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) இழுத்துப் போகிறவருக்கும், டெக்சாஸில் படகை ஏரிக்குக் கொண்டுபோகிறவருக்கும் கணக்கு ஒன்றே. கனடா ஸ்டிக்கரில் கிலோபாஸ்கல் முன்னால் நிற்கும்: 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 240 என்றால் 35, 250 என்றால் 36.

கதவைத் திறந்து பாருங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து பூட்டும் தூணில் இரண்டு ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றில் டயர் அளவு, முன் டயர், பின் டயர், ஸ்டெப்னி ஒவ்வொன்றுக்கும் குளிர்ந்த நிலையில் வைக்க வேண்டிய காற்று, ஆட்களும் சாமான்களும் சேர்ந்து ஏற்றக்கூடிய எடை ஆகியவை இருக்கும். மற்றொன்றில் வண்டியின் மொத்த எடை வரம்பும், முன் ஆக்சில் (சக்கர அச்சு), பின் ஆக்சில் ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய எடை வரம்பும் இருக்கும். இரண்டையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கணக்குக்கு இவையே அடிப்படை.

ஸ்டிக்கரில் உள்ள காற்று அளவு காலி வண்டிக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கம்பெனி பொருத்திய அதே அளவு டயரோடு, வண்டி தன் எடை வரம்பு வரைக்கும் ஏற்றினாலும் தாங்கும்படிதான் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே டிரெய்லர் இழுக்கும்போது அது உங்களுக்குத் தரை. அதற்குக் கீழே போகவே கூடாது. எவ்வளவு மேலே போகலாம் என்பதுதான் கேள்வி.

அந்தத் தரையையே மிகத் தாழ்வாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் விவகாரம் இருக்கிறது. ஃபோர்டு அந்த எஸ்யூவிக்கு 26 பிஎஸ்ஐ போதும் என்றது. டயர் செய்த ஃபயர்ஸ்டோன் 30 வேண்டும் என்றது. டயரின் மேல்பட்டை உரிந்து வண்டிகள் உருண்ட விபத்துகளுக்குப் பிறகு 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. டயரின் தரம், வண்டியின் வடிவமைப்பு, காற்று என்று காரணங்களை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். 4 பிஎஸ்ஐ வித்தியாசம் அற்பமில்லை என்பதில் மட்டும் சந்தேகம் இருக்கவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த சட்டத்தின் விளைவுதான் இன்று டாஷ்போர்டில் எரியும் டயர் காற்று விளக்கு.

அடுத்து வண்டியோடு வந்த கையேட்டில் டிரெய்லர் பகுதியைப் படியுங்கள். சில கம்பெனிகள் ஸ்டிக்கர் அளவே போதும் என்கின்றன. சில, இழுக்கும்போது பின் டயருக்கு வைக்க வேண்டிய எண்ணைத் தனியாகவே கொடுக்கின்றன. ஐரோப்பிய விதியில், டிரெய்லர் இழுக்கும் காரின் பின் டயர்மேல் வழக்கமான வரம்பைத் தாண்டி 15 சதவீதம் வரை எடை விழ இடம் உண்டு. பதிலுக்கு வேகம் 100 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், காற்றை 20 கிலோபாஸ்கலாவது, அதாவது சுமார் 3 பிஎஸ்ஐ, கூட்ட வேண்டும். அந்த 15 சதவீதச் சலுகை வட அமெரிக்காவில் கிடையாது. 3 பிஎஸ்ஐ என்பது மட்டும் எங்கேயும் நல்ல தொடக்கப் புள்ளி. கையேட்டில் தனி எண் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அதையே வையுங்கள்.

டயரில் எழுதியிருப்பதை எப்படி வாசிப்பது

பக்கச்சுவரில் உள்ள உச்ச அழுத்தம், அந்த டயரில் குளிர்ந்த நிலையில் வைக்கக்கூடிய அதிகபட்சக் காற்று. உங்கள் வண்டிக்கு வைக்க வேண்டிய காற்று அதில் இல்லை. ஒரே டயர் நான்கைந்து வகை வண்டிகளில் ஓடும்; டயர் செய்தவருக்கு உங்கள் வண்டியின் எடை தெரியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது. சாதாரண பயணிகள் வண்டி டயர் தன் முழுச் சுமைத் திறனை 35 அல்லது 36 பிஎஸ்ஐ-யிலேயே எட்டிவிடும். கூடுதல் சுமைக்கான எக்ஸ்எல் டயர் என்றால் 41 அல்லது 42-இல். சுவரில் 44 அல்லது 51 என்று எழுதியிருந்தாலும் அதற்கு மேல் ஏற்றும் காற்றால் ஒரு கிலோகூட அதிகம் தாங்காது. டயர் கொஞ்சம் விறைப்பாகும், அவ்வளவுதான்.

சுமைக் குறியீட்டையும் பாருங்கள். பி265/70ஆர்17 113எஸ் என்று இருந்தால், 113 என்பது ஒரு டயர் 1150 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. இது காருக்கு. அதே டயரை எஸ்யூவியிலோ பிக்கப்பிலோ போட்டால் 1.1-ஆல் வகுக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. உயரமான வண்டி, ஆடி அசைந்து ஓடும், ஏற்றும் சுமையும் மாறிக்கொண்டே இருக்கும். அதற்காக விடும் இடைவெளி இது. 1150 கிலோ அப்போது 1045 ஆகிவிடும். டயர் கடையில் இந்த வகுத்தலை யாரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

எல்டி எனத் தொடங்கும் லைட் டிரக் டயர் மாற்றியிருந்தால் கதவு ஸ்டிக்கர் எண் செல்லாது. எல்டி டயரின் கூடு கனமானது. அதே சுமையைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். எல்டி265/70ஆர்17 சி ரகம் (பி, சி, டி, ஈ என்பவை டயரின் சுமை ரகங்கள்) 1120 கிலோவை 50 பிஎஸ்ஐ-யில்தான் தாங்கும். 32 போதும் என்று பழைய எண்ணிலேயே ஓட்டுகிறவர்கள், பலமான டயர் வாங்கிப் பலவீனமான டயரில் போய்க்கொண்டிருக்கிறார்கள். எல்டி-க்கு மாறினால் டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பழைய டயர் ஸ்டிக்கர் அழுத்தத்தில் எவ்வளவு தாங்கியதோ, குறைந்தது அவ்வளவு தாங்கும் எண்ணை அதில் தேடுங்கள்.

எடை எங்கே போய் விழுகிறது

டிரெய்லரின் மூக்கு, அது வந்து உட்காரும் ஹிட்ச் பந்தின்மேல் கொடுக்கும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 2000 கிலோ டிரெய்லருக்கு 12 சதவீதம் வைத்தால் 240 கிலோ. பின் ஆக்சிலில் 240 கிலோ கூடும் என்று நினைத்தால் அங்கேதான் தப்பு. பந்து, பின் ஆக்சிலுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்றமரத்தின் வால்பக்கம் மிதித்தால் மறுமுனை எழும்புவதுபோல், வண்டியின் முன்பக்கம் எழும்பும். முன்பக்கம் இழந்த எடையும் சேர்ந்து பின் ஆக்சிலில் வந்து விழும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். முன், பின் ஆக்சிலுக்கு இடையே 2.8 மீட்டர், பின் ஆக்சிலிலிருந்து பந்து வரை 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 240-ஐ 1.2-ஆல் பெருக்கி 2.8-ஆல் வகுத்தால் 103. முன் ஆக்சில் 103 கிலோ இழக்கிறது. பின் ஆக்சிலில் 343 கிலோ கூடுகிறது. குடும்பமும் சாமானும் ஏறிய நிலையில் பின் ஆக்சில் ஏற்கனவே 1270 கிலோ என்றால் இப்போது 1613. ஸ்டிக்கரில் பின் ஆக்சில் வரம்பு 1680 என்று இருந்தால் வெறும் 67 கிலோதான் மீதி. ஐஸ் பெட்டியும் தண்ணீர் கேன்களும் டிக்கியில் ஏறினால் அதுவும் போய்விடும்.

ஒரு பின் டயருக்கு 806 கிலோ விழுகிறது. சாமான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கம் 830, 840 ஆகலாம். மேலே பார்த்த டயர் 35 பிஎஸ்ஐ-யில் 1045 தாங்கும் என்பதால் டயரில் இடம் இருக்கிறது. ஆக்சிலில்தான் இல்லை.

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்: காற்றைக் கூட்டுவதால் டயரின் திறன் ஓர் அளவு வரை கூடும்; ஆக்சில், ஸ்ப்ரிங், பேரிங், பிரேக் எதுவும் அதைக் கண்டுகொள்ளாது. வரம்பு மீறிய எடையைக் காற்று அடித்துச் சரிக்கட்ட முடியாது. சாமானை முன்னால் நகர்த்துங்கள், சிலதை இறக்குங்கள், டிரெய்லரில் உள்ள தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். சில டிரெய்லர்களில் தொட்டி ஆக்சிலுக்கு முன்னால் இருக்கும், சிலவற்றில் பின்னால். காலி செய்தால் மூக்கு எடை கூடுமா குறையுமா என்பது அதைப் பொறுத்தது.

கணக்கைவிட எடைமேடை நம்பகமானது. அமெரிக்கா, கனடா இரண்டிலும் பெரிய லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற நிறுவனத்தின் எடைமேடைகள் உண்டு. முன் சக்கரம் முதல் தட்டில், பின் சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரம் மூன்றாவதில் நிற்கும்படி ஏற்றி, பொத்தானை அழுத்திச் சொன்னால் ஒவ்வொரு ஆக்சில் எடையும் தனித்தனியாக அச்சாகி வரும். எண்கள் பவுண்டில் இருந்தால், 2.2-ஆல் வகுத்தால் கிலோ. பயணத்துக்குப் போகும் அதே கோலத்தில், ஆட்கள், சாமான், முழு டேங்க் எரிபொருளோடு நிறுத்துங்கள். பிறகு டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு எஸ்யூவியை மட்டும் மறுபடி நிறுத்துங்கள். இரண்டு சீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஹிட்ச் உங்கள் ஆக்சில்களுக்குச் செய்தது.

எடையைப் பகிரும் ஹிட்ச் வைத்திருந்தால் முதலில் அதன் கம்பிகளைக் கையேட்டின்படி சரிசெய்யுங்கள். அது முன் ஆக்சில் இழந்த எடையில் ஒரு பங்கை அங்கேயே திருப்பிக் கொடுக்கும், கொஞ்சத்தை டிரெய்லர் ஆக்சிலுக்கும் தள்ளும். ஹிட்ச், எடைமேடை, காற்று என்பதே வரிசை. தலைகீழாகச் செய்தால் மூன்றையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

சரி, எண் என்ன?

கையேட்டில் தனி எண் இல்லை, கம்பெனி அளவு டயர்தான், ஆக்சில் எடை வரம்புக்குள் இருக்கிறது என்றால்:

பின் டயர்: ஸ்டிக்கர் அளவோடு 3 முதல் 6 பிஎஸ்ஐ கூட்டுங்கள். ஸ்டிக்கர் 32 என்றால் 35 முதல் 38. டிரெய்லர் சிறியது, பின் ஆக்சில் வரம்புக்கு நல்ல தூரம் இருக்கிறது என்றால் 3 போதும். வரம்பை ஒட்டி நிற்கிறது, வெயில் நாள், நெடுஞ்சாலை என்றால் 5, 6. பக்கச்சுவர் உச்சத்தை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டாதீர்கள்.

முன் டயர்: ஸ்டிக்கரில் உள்ளதே. முன்பக்கம் எடை இழந்து நிற்கிறது, அங்கே காற்றைக் கூட்ட எந்தக் காரணமும் இல்லை. கூட்டினால் தரையைத் தொடும் பரப்பு இன்னும் சுருங்கும். மழையில் ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேராகவே வழுக்கும்.

உதாரணத்தில் டயருக்கு இடம் இருந்ததே, பிறகு ஏன் பின்னால் கூட்ட வேண்டும்? சுமை மட்டும் காரணம் இல்லை. பக்கவாட்டு விறைப்பு இன்னொரு காரணம். பெரிய லாரி கடந்து போகும்போது காற்றின் அடியில் டிரெய்லர் ஹிட்ச்சைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்வது பின் டயரின் பக்கச்சுவர். அது தொளதொளவென்று இருந்தால் வண்டியின் இடுப்பு வளையும், ஓட்டுநர் திருத்துவார், திருத்தம் அதிகமாகும், டிரெய்லர் மறுபக்கம் ஆடும். விறைப்பான பின் டயர் அந்த ஆட்டத்தைத் தொடங்கும் இடத்திலேயே அடக்கும். முன்னைவிடப் பின்னால் அழுத்தம் கூடுதலாக இருந்தால் வண்டி நேர்கோட்டில் நிதானமாகப் போகும்; பின்னால் குறைந்தால் வால் அலையும்.

ஏற்கனவே வாலாட்டும் டிரெய்லரை 4 பிஎஸ்ஐ காற்றால் அடக்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். மூக்கு எடை 10 சதவீதத்துக்குக் கீழே இருப்பதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம். டிரெய்லரின் பின்பகுதியில் ஏற்றிய கனமான சாமானை ஆக்சிலுக்கு முன்னால் கொண்டுவந்து, மறுபடி எடை பார்த்து, அதன் பிறகு காற்றுக்கு வாருங்கள்.

குளிர்ந்த டயர் என்றால் எது

வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது அதன்பின் ஒன்றரை கிலோமீட்டருக்குமேல் ஓடியிருக்கக் கூடாது. காலையில் வெயில் படுமுன் பார்ப்பது உத்தமம். ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் நிழலுமாக நின்றால் இரண்டு பக்க டயரும் இரண்டு எண் காட்டும். வெயில் பக்க டயரில் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

வெப்பநிலை 5.6 டிகிரி செல்சியஸ் மாறினால், 35 பிஎஸ்ஐ டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ மாறும். டிரெய்லரின் 80 பிஎஸ்ஐ டயரில் அதே மாற்றம் கிட்டத்தட்ட 2. கனடாவில் 18 டிகிரி சூட்டில் இருக்கும் மூடிய கராஜில் காற்றுப் பார்த்து, வெளியே ஒரு டிகிரிக்கு வண்டியை எடுத்தால், கேஜ் காட்டிய 36 சாலையில் 33 ஆகிவிடும். அந்தக் குளிரில் கிளம்புவதாக இருந்தால் வண்டியை வெளியே நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கேஜை வால்வில் வைக்கும்போது நேராக அழுத்தமாகப் பதியுங்கள். ஒரு சிறு ‘புஸ்’ வந்து உடனே நிற்க வேண்டும். சத்தம் தொடர்ந்தால் சாய்ந்திருக்கிறது, எண் குறைவாகக் காட்டும். இரண்டு முறை பாருங்கள். இரண்டும் அரை பிஎஸ்ஐக்குள் ஒத்துப்போக வேண்டும். பெட்ரோல் பங்கில் குழாயோடு தொங்கும் கேஜ் நாளைக்கு நூறு முறை கீழே விழுகிறது, அதை நம்ப வேண்டாம். சொந்தக் கேஜ் ஒன்று வாங்குங்கள், எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். 80 பிஎஸ்ஐ டிரெய்லர் டயருக்கு 60 வரை மட்டுமே காட்டும் கேஜ் உதவாது என்பதையும் கவனியுங்கள்.

வீட்டில் கம்ப்ரசர் இல்லை, பங்குக்குப் போவதற்குள் டயர் சூடாகிவிடுமே என்றால் ஒரு வழி உண்டு. கிளம்பும் முன் வீட்டில் குளிர்ந்த நிலையில் பாருங்கள். 32 இருக்கிறது, 37 வேண்டும் என்றால் தேவை 5. பங்கில் கேஜ் 35 காட்டினால் 40 வரை ஏற்றுங்கள். எண் எதுவாக இருந்தாலும் வித்தியாசம் 5. மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும்.

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் இழுத்த பிறகு டயர் 4 முதல் 6 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். அது எதிர்பார்த்ததுதான். ‘அதிகமாகிவிட்டதே’ என்று சூட்டோடு காற்றை இறக்குவது மிக மோசமான தவறு. மாலையில் ஆறிய பிறகு ஸ்டிக்கர் அளவுக்கும் கீழே நிற்கும், மறுநாள் அதோடு ஓடி இன்னும் சூடாகும். 36 வைத்த டயர் 44-ஐத் தொடுகிறது என்றால் காற்று கூடிப்போனதாக நினைக்காதீர்கள். தொடக்கத்தில் காற்று குறைவாக இருந்திருக்கிறது, அல்லது எடை அதிகம். காற்று குறைந்த டயர் அதிகம் வளையும், வளைவு சூடாகும், சூடு அழுத்தத்தை ஏற்றும்.

டிரெய்லர் டயருக்குத் தனிச் சட்டம்

எஸ்டி எனத் தொடங்கும் டிரெய்லர் டயருக்கு, டிரெய்லரின் ஸ்டிக்கரில் உள்ள குளிர்நிலை அளவை வையுங்கள். அது பெரும்பாலும் டயரின் பக்கச்சுவர் உச்சமாகவே இருக்கும். ஸ்டிக்கர் டிரெய்லரின் இடதுபக்க முன்பகுதியில் ஒட்டியிருக்கும். மங்கிப் படிக்க முடியாமல் போயிருந்தால், பொருத்தியிருப்பது அசல் ரக டயர்தான் என்றால், பக்கச்சுவர் எண்ணையே வையுங்கள்.

எஸ்டி225/75ஆர்15 மிகவும் புழங்கும் அளவு. சி ரகம் 50 பிஎஸ்ஐ-யில் 975 கிலோ தாங்கும். டி ரகம் 65-இல் 1150. ஈ ரகம் 80-இல் 1285. நம் 2000 கிலோ டிரெய்லர் ஒற்றை ஆக்சில் என்றால், ஹிட்ச் வாங்கிக்கொள்ளும் 240 போக 1760 கிலோ இரண்டு டயரில். சி ரகம் 50 பிஎஸ்ஐ-யில் 1950 தாங்கும். மீதி 190 கிலோதான். காற்று 40-க்கு இறங்கினால் ஒரு டயர் ஏறத்தாழ 850 கிலோதான் தாங்கும், இரண்டும் சேர்ந்து 1700. வெளியே பார்த்தால் டயர் நன்றாகவே இருக்கும், ஆனால் ஏற்கனவே வரம்பு மீறி ஓடிக்கொண்டிருக்கும். இரட்டை ஆக்சிலில் சுமை நிம்மதியாக இருக்கும், ஆனால் வேறு தொல்லை. குறுகலாகத் திருப்பும்போது நான்கு டயரும் பக்கவாட்டில் தரையோடு தேய்ந்து இழுபடும். அந்த இழுப்பில் உள் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியப் பார்க்கும். முழுக் காற்று வைத்த விறைப்பான சுவர் அதைக் குறைக்கும்.

படகு டிரெய்லரின் சிறிய 4.80-12 டயரில் ஆள் ஏமாறுவது சகஜம். தள்ளுவண்டிச் சக்கரம்போல் இருக்கிறதே என்று 35 வைத்துவிட்டுப் போவார்கள். பி ரகத்துக்கு 60 பிஎஸ்ஐ, சி ரகத்துக்கு 90. சின்ன டயரில் காற்றின் கொள்ளளவு குறைவு, சுமையைத் தாங்க அழுத்தம்தான் வழி. வேகமாகச் சுழல்வதால் சூடும் அதிகம்.

தனியாக எதுவும் குறிக்காத எஸ்டி டயரின் வேக வரம்பு மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர். டெக்சாஸ் நெடுஞ்சாலையில் 75 அனுமதிக்கலாம், உங்கள் டயர் அனுமதிக்கவில்லை.

வால்வையும் பாருங்கள். காரில் வரும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்குமே. 80 பிஎஸ்ஐ டயருக்கு உயர் அழுத்த ரப்பர் வால்வோ உலோக வால்வோ வேண்டும். வால்வு முனையில் திருகும் காற்றழுத்த சென்சார் போட்டால் அதன் எடைக்கு உலோக வால்வுதான் சரி. ரப்பர் வால்வு சுழற்சியில் வளைந்து அடியில் கீறும்.

வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி எனத் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சில டயரில் முழுக் குறியீடு உள்பக்கச் சுவரில் மட்டும் இருக்கும், டார்ச்சோடு குனிந்துதான் பார்க்க வேண்டும். டிரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட, வெயிலில் நின்று காய்ந்தே அதிகம் போகிறது. ஆறு வயதான டயரில் பள்ளம் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

விளக்கு எரியவில்லை என்பதால் நிம்மதி கொள்ளாதீர்கள்

டாஷ்போர்டு விளக்கு, ஸ்டிக்கர் அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்த பிறகு எரிந்தால் போதும் என்பதே சட்டம். ஸ்டிக்கர் 32 என்றால் 24-இல். நீங்கள் இழுப்பதற்காக 36 வைத்திருந்தால், மூன்றில் ஒரு பங்கு காற்று போன பிறகுதான் விளக்கு எரியும். அதற்குள் பின் டயர் எவ்வளவோ சூடாகியிருக்கும். டயர்வாரியாக எண் காட்டும் திரை இருந்தால் அதைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லருக்கு இந்த அமைப்பு பெரும்பாலும் இல்லை. இரட்டை ஆக்சிலில் ஒரு டயர் இறங்கினால் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது, பக்கத்து டயர் இரண்டு பங்கு சுமையோடு ஓடி அதுவும் வெடிக்கும். இதற்கென்று தனியாக வாங்கிப் பொருத்தும் சென்சார் செட்டுகள் கிடைக்கின்றன. இந்த வேலையில் நாம் தயங்காமல் வாங்கச் சொல்லும் ஒரே உபரிச் சாமான் அதுதான். நைட்ரஜனுக்குப் பணம் செலவழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்; வாயு எதுவானாலும் கேஜில் எண் சரியாக இருந்தால் போதும்.

முதல் 80 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறங்குங்கள். புறங்கையை டயரின் பக்கச்சுவர் அருகே கொண்டுபோனாலே வித்தியாசம் தெரியும். கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது: எல்லா டயரிலும் ஒரே இடத்தில், பட்டையின் ஓரத்தில் காட்டிப் பாருங்கள். ஒரே ஆக்சிலின் இரண்டு டயருக்கும் சில டிகிரிதான் வித்தியாசம் இருக்க வேண்டும்; வெயில் அடிக்கும் பக்கம் சற்றுக் கூடும். ஒன்று மட்டும் 15 டிகிரி சூடாக இருந்தால் முதலில் அதன் காற்றைப் பாருங்கள். காற்று சரியாக இருந்தால் சக்கரத்தின் நடுக் குடத்தில் (ஹப்) காட்டுங்கள். அங்கேயும் சூடென்றால் பேரிங்கோ, ஒட்டிக்கொண்ட பிரேக்கோ. அதோடு ஓட்டாதீர்கள்.

பயணம் முடிந்து டிரெய்லரைக் கழற்றியதும் பலர் மறப்பது, பின் டயரைப் பழைய அளவுக்கு இறக்குவது. காலி எஸ்யூவியில் 38-ஐ வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினால் பட்டையின் நடுப்பகுதி மட்டும் தேயும், மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். மறுநாள் காலை, டயர் ஆறிய பிறகு இறக்குங்கள். அன்றைக்கே ஸ்டெப்னியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வண்டிக்கடியில் தொங்குவதை யாரும் தொடுவதே இல்லை.